டர்போவைத் திருடியதாகச் சொன்ன பழி

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் போய்வந்த மறுநாள், வத்தலக்குண்டு தாண்டி மலையேறும்போது என் பழைய டர்போ கார் இழுக்கவே இல்லை. போன மாதம் சர்வீஸ் செய்த மெக்கானிக் சேகர், எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிட்டார் என்று சந்தேகப்பட்டேன். வண்டி இழுக்கவில்லை என்று போனில் சொன்னபோது அவர் யோசித்ததுகூடக் கள்ளத்தனமாகத் தோன்றியது.

திண்டுக்கல் பட்டறையில், "ஏலே, என் டர்போவ எவனுக்கு வித்த?" என்று கத்தினேன். காத்திருந்த இருவர் வண்டிகளோடு வெளியேறினார்கள்.

சேகர் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி, கிழிந்த வேட்டித் துணியொன்றை உருவினார். "சார், இம்புட்டு அடைச்சா வண்டி எப்படி மூச்சு விடும்?"

வேளாங்கண்ணிக்குப் போகுமுன், நிற்கும் வண்டியில் எலி புகாமலிருக்க நானே அடைத்தது அது.

இப்போதெல்லாம் துணி அடைத்தால் ஸ்டியரிங்கில் சீட்டு ஒட்டுகிறேன். வெளியேறியவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்து உண்மையைச் சொல்லிவிட்டேன். மற்றவர் இதைப் படித்தால், தயவுசெய்து சேகரிடமே வண்டியை விடுங்கள்.