ஆரத்தித் தட்டுக்கு நின்ற கம்பெனி ரயில்

ரயிலில் பிரேக் பிடிக்கிறவனுக்கு ஒரு ராசி உண்டு. வண்டி ஓடினால் டிரைவருக்குப் பேர், நின்றால் இவனுக்குத் திட்டு. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு கம்பெனி சொந்தத்தில் சின்ன ரயில் விட்ட காலத்தில், கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து கைப்பிரேக் சுற்றினவன் நான். படிப்பு மூணாம் கிளாஸ். மேலே ஒரு மேனேஜர், கீழே ஒரு ஊர், நடுவில் மாட்டிக்கொண்டு நீங்களும் வேலை பார்த்திருந்தால், இதைப் படிக்கும்போது உங்களுக்கும் வயிறு எரியும்.

புளியமரம்

தண்டவாளம் போட எங்கள் ஊர்க் காட்டில் ஒரு பட்டை நிலம் வேண்டியிருந்தது. மேனேஜர் சேலத்தில் அஸ்தம்பட்டி பங்களாவில் இருப்பவர். வெயிலில் இறங்க மாட்டார். "நீ உள்ளூர்க்காரன், நீ பேசு. வண்டி உங்க ஊர்ல நிக்கும்னு சொல்லு. உனக்கும் ஒரு வேலை உண்டு" என்றார். நானும் நம்பி வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அந்த வாய்க்குத்தான் பின்னால் சூடு விழுந்தது.

பாவாயக்கா மட்டும் சம்மதிக்கவில்லை. புருசன் போனபின் தனியாளாகக் கடலைக்காடு பார்த்தவள். பாதை சரியாக அவளுடைய புளியமரத்தின் மேலேயே போனது. "இனிமே சந்தைக்குத் தலைச்சுமை வேண்டாமுங்க அக்கா. மூட்டைய ஏத்திட்டு உக்காந்துட்டே போலாம்" என்றேன். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கைநாட்டு வைத்தாள். பெருவிரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"கம்பெனிய எனக்குத் தெரியாது சாமி. நீ சொல்றேன்னு குடுக்கறேன். வண்டி நிக்காட்டி உன்ர ஊட்டு வாசல்ல வந்துதான் கேப்பேன்."

முதல் ஓட்டம்

வண்டி கிளம்பின அன்றைக்குச் சேலத்தில் மேளம், வாழைமரம், இஞ்சினுக்கு மாலை. எல்லாம் தயார், ஜமீன்தார் மாதிரி பெரிய நிலக்காரரான மிட்டாதார் ஒருவர் மட்டும் வரவில்லை. காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார் என்று ஆள் வந்து சொன்னான். அவருக்காக வண்டி நின்றது, நின்றது, கரியெல்லாம் வீணாக எரியும்வரை நின்றது. மூணாம் வகுப்பில் குழந்தைகள் தண்ணீர் கேட்டு அழுதன. கேட்பார் இல்லை.

எங்கள் ஊரில் சனம் முழுக்கத் தண்டவாள ஓரத்தில் கூடியிருந்தது. முன்னால் பாவாயக்கா, ஆரத்தி கரைத்த தட்டோடு, கற்பூரம் எரிய எரிய நின்றாள். வண்டி நிற்கவில்லை. மேளக்காரர் வாசிப்பை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். கரித்தூள் தட்டில் விழுந்தது. நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். சுற்றாத ஆரத்தியை அவள் புளியமரத்து அடிக்கட்டையில் கொட்டினதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

மிட்டாதாருக்கு நின்ற வண்டி எங்கள் ஊரில் ஏன் நிற்கவில்லை என்று நாமக்கல்லில் இறங்கி மேனேஜரைக் கேட்டேன். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"உங்க ஊர்ச் சனம் நாளைக்கும் அங்கயேதான் நிக்கும். மிட்டாதார் நிப்பாரா?"

மனு

ஊரார் மனு எழுதிக் கொடுத்தார்கள். கொண்டுபோனவன் நான். அதற்குள் பாவாயக்கா இரண்டு தடவை என் வாசலுக்கு வந்துவிட்டாள். திட்டினாலாவது தேவலை. கடலை மூட்டையைத் திண்ணைமேல் இறக்கி வைத்து, "இன்னைக்கும் அடுத்த டேசனுக்கு நடந்துதான் போறேன், சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்பாள். இரண்டு மைல் நடை.

மேனேஜர் மனுவைப் பிரிக்கவே இல்லை. "உங்க ஊர்ல எத்தனை பேர் ஏறுறாங்கன்னு முதல்ல காட்டு" என்றார்.

"நிக்காத வண்டியில எப்படிங்க ஏறுவாங்க?"

"அடுத்த ஸ்டேஷன்ல ஏறுறாங்களே."

"அது எங்க ஊர்ச் சனம்தானுங்க. நடந்து போய் ஏறுறாங்க."

"அப்படின்னா அது அந்த ஸ்டேஷன் கணக்கு. உங்க ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தர் ஏறலையே, அதைத்தானே நானும் சொல்றேன்."

டிரைவரின் பயம்

எங்கள் ஊருக்கு வரும் வழி ஏற்றம். முதல் ஓட்டத்துக்குப் பிறகு, அந்த ஏற்றத்தில் இஞ்சின் மூன்று தடவை மக்கர் பண்ணியது. டிரைவர் சின்னச்சாமி வெள்ளிக்கிழமை இஞ்சினுக்குப் பொட்டு வைக்காமல் கரி அள்ள மாட்டார். "கரைச்ச ஆரத்தியத் தாண்டி வந்தேன் பாரு, அதான். இது வெளங்காது" என்று என்னிடம் புலம்பினார். நான் அதை அப்படியே பாவாயக்கா காதில் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தட்டோடு வந்து நின்றாள். சின்னச்சாமி இஞ்சினை நிறுத்தி, கீழே இறங்கிக் கைகட்டி நின்றார். மூன்று சுற்று சுற்றி, தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றினாள். சுற்றி முடிப்பதற்குள் கடலை மூட்டை, வாழை இலைக் கட்டு, கோழிக்கூடை எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. அவளும் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். சின்னச்சாமி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நான் உங்க ஊருக்காக நிறுத்தலப்பா. தட்டுக்காக நிறுத்தினேன். யார் கேட்டாலும் அப்படியே சொல்லு."

என் கை

சேதி சேலம் போய்விட்டது. மறு வெள்ளிக்கிழமை மேனேஜரே முதல் வகுப்பில் ஏறி உட்கார்ந்தார். வழியில் நிறுத்தினால் வேலை போகும் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார். சின்னச்சாமிக்கு நாலு பெண்பிள்ளைகள். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

வண்டி ஏற்றத்தில் திணறிக்கொண்டு ஏறியது. தூரத்தில் கற்பூரம் தெரிந்தது. எனக்கும் வயிறு இருக்கிறது, எனக்கும் பிள்ளைகள் உண்டு. ஆனால் அந்த வீடுகளில் வாக்குக் கொடுத்தது கம்பெனியின் வாய் இல்லை, என் வாய். பிரேக்கை இறுக்கிச் சுற்றினேன். வண்டி முனகிக்கொண்டே நின்றது.

மேனேஜர் சிவந்த முகத்தோடு கீழே குதித்தார். வாயைத் திறப்பதற்குள் பாவாயக்கா அவருக்கே ஆரத்தி சுற்றி, நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தாள். "எங்கூருக்கு வண்டி உட்ட மகராசன் நீங்கதானுங்களா, நல்லா இருக்கோணும்" என்றாள். பெட்டிச் சன்னல் பூராவும் தலைகள். அத்தனை பேர் முன்னால் பொட்டோடு யாரைத் திட்டுவது? இனி வண்டி இங்கே நிற்கும், இது கம்பெனியின் பரந்த மனசு என்று அங்கேயே ஒரு பிரசங்கம் செய்தார். சாயங்காலம் நாமக்கல்லில் என்னைக் கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்பினார். அவர் நெற்றிப் பொட்டு அப்போதும் அழியவில்லை. சொன்னார்:

"நிறுத்தினது தப்பில்லப்பா. என்னைக் கேக்காம நிறுத்தினே பாரு, அதுதான் தப்பு."

வாசல்

எங்கள் ஊருக்கு ஸ்டேஷன் பலகை நட்ட அன்றைக்கு நான் போகவில்லை. எதற்குப் போவது? வெறும் தரையில் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் விழுந்தது. பாவாயக்கா, தலையில் கடலை மூட்டை, கையில் இன்னொரு சின்ன மூட்டை.

"வண்டி நிக்குது சாமி. நீ ஊட்டுல என்ன பண்றே? இதப் புடி, சந்தைக்குப் போலாம்."

என் கையால் நிறுத்தின வண்டி அது. ஆனாலும் அதில் ஏற, எல்லாரையும் போல வரிசையில் நின்று டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் ஏறினேன்.