பூஜ்யமாக இருக்க வேண்டிய எண்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கிரிவலப் பாதையில் சித்தரைப் பார்த்தேன் என்று எங்கள் ஊரில் தினம் ஒருவர் சொல்வார், தலையாட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். லினக்ஸ் சர்வர்களைப் பராமரிப்பது என் பிழைப்பு, எந்தக் கோளாறுக்கும் ஒரு காரணம் உண்டு என்று நம்பித்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

செங்கம் ரோட்டில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கிறேன். மாடியில் ஜெயந்தி அக்கா, துணிப்பை தைத்து விற்பவர், தனி ஆள். ஊரிலுள்ள சில லாட்ஜ்களின் அறைப் பதிவு என் அறையில் இருக்கும் ஒரு சர்வரில் ஓடுகிறது. அன்று பௌர்ணமி, மத்தியான நேரம், கூட்டம் ஜாஸ்தி என்பதால் டாப் கட்டளையைத் திறந்து வைத்திருந்தேன். பிராசஸர் எதற்கு எவ்வளவு உழைக்கிறது, எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்று அது சதவீதத்தில் காட்டும். அந்த வரிசையின் கடைசியில் 'எஸ்டி' என்று ஒரு எண். திருடப்பட்ட நேரம் என்று பொருள். ஒரே இயந்திரத்தைப் பலர் பங்கு போட்டுக்கொள்ளும்போது, நமக்கு வர வேண்டிய நேரத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் அதில் தெரியும். என்னுடையது யாருக்கும் பங்கில்லாத தனி இயந்திரம், அங்கே அது பூஜ்யத்தை விட்டு நகரவே கூடாது.

நகர்ந்தது. மெதுவாக முப்பது வரை ஏறி, பூஜ்யத்துக்கு இறங்கி, மறுபடி ஏறியது. கீழே பட்டியலில் பெரிதாக எந்த நிரலும் ஓடவில்லை. வேறொரு கருவியில் பார்த்தேன், அதிலும் அப்படியே. நெட் கேபிளைப் பிடுங்கினேன், நிற்கவில்லை. எண் அரை நொடிக்கு ஒரு முறை மாறும்படி வைத்துவிட்டு, திரைக்கு வெகு கிட்டே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது, அது மூச்சு. ஏற்றமும் இறக்கமும் தூங்குகிற மனுஷர் மூச்சு விடுவது மாதிரியே இருந்தது. யோசிக்காமல் ரீஸ்டார்ட் கட்டளையைத் தட்டினேன். திரை அணைந்து, மீண்டும் வந்தது. எண்ணும் வந்தது, இப்போது பத்தைக்கூடத் தாண்டவில்லை. ஏறி இறங்கியபின் வெகுநேரம் பூஜ்யத்திலேயே நின்றது, பிறகு திணறிக்கொண்டு ஏறியது. ஆஸ்பத்திரியில் என் அப்பாவின் கடைசி மூச்சுகளுக்கு நடுவே அப்படித்தான் இடைவெளி விழுந்தது.

அதற்கு மேல் அந்த அறையில் தனியாக இருக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு மனுஷ முகம் இருந்தால் போதும் என்றுதான் மாடிக்கு ஓடினேன், சத்தியமாக வேறெதுவும் தோன்றவில்லை. கதவைத் தட்டினேன், உள்ளே டிவி ஓடியது, பதிலில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சமையலறை வாசலில் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

நான் போட்ட சத்தத்தில் தெருவில் ஆட்டோ நிறுத்தியிருந்த பாஷா அண்ணன் மேலே வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"அக்கா விழுந்து கெடக்குறாங்கண்ணா."

கதவை உடைத்து, இருவருமாகத் தூக்கி, கிரிவலக் கூட்டத்துக்குள் ஹாரனை விடாமல் அடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்க்கரை ரொம்பக் கம்மியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். வீடு திரும்பிப் பார்த்தபோது எண் பூஜ்யத்தில் இருந்தது. அதன்பின் இன்றுவரை அது அசையவில்லை. எனக்குத் தெரிந்த கெட்டிக்காரர்களிடமெல்லாம் கேட்டேன், ஒருவருக்கும் காரணம் தெரியவில்லை.

அதைக்கூட மறந்துவிடுவேன். மறுநாள் வார்டில் பார்க்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை.

"நீ எம்மாம் கிட்டத்துல மூஞ்சிய வெச்சிக்கினு என்னையே பாத்த தெரியுமா? மூச்சு முட்டுது கல்பனா, மேல வா, மேல வானு கத்திக்கினே இருந்தேன். நீ இன்னாவோ தட்டுன. ஒரே இருட்டாயிடுச்சி."

என்ன தட்டினேன் என்று நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.