சூனியக்காரிகளுக்கு ஒரு பூத்துணி

தில்லிக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்குப் பிடிபடாத ஒன்று, பஞ்சாபிப் பெண்கள் துணியின் பின்பக்கமாகவே ஊசி குத்திப் பூப்போடுவது. முன்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. வாய் அது பாட்டுக்கு ஊர்வம்பு பேசும். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் குளிர்காலப் பகலென்றால் கயிற்றுக் கட்டில்கள் எல்லாம் வெயிலுக்கு வந்துவிடும். நடுநாயகமாக எதிர்வீட்டு ஹர்பன்ஸ் கௌர் இருப்பார். பிரிவினையின்போது ராவல்பிண்டியை விட்டு வந்தவர். பேரனை என் அம்மாவின் மடியில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் பால் வாங்கப் போய்விடுவார். தில்லிக்காரர்கள் முரடர்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பஸ்ஸில் நானும் பட்டிருக்கிறேன். ஆனால் இந்த ஒரு காரியத்துக்காக இந்த ஊரின் குளிர், தூசி, நெரிசல் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன்.

ஏனென்றால் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மாவின் கையில் யாரும் பிள்ளையைக் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று காய்ச்சலில் இறந்தது. முதல் நாள் அதைத் தூக்கிக் கொஞ்சியவள் அம்மா. அவ்வளவுதான். தாலியறுத்தவள், கண் வைத்துவிட்டாள், சூனியக்காரி என்றார்கள். குழாயடியில் அவள் குடம் வைத்த இடத்தைக் கழுவிவிட்டார்கள். நான் லீவு போட்டுப் போய்க் கையோடு ரயிலேற்றிக் கூட்டி வந்தேன். வழியெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான்: "அங்க யார்கிட்டயும் சொல்லிராதட்டி."

இந்தக் குளிருக்கு எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் பூப்போடப் பெரிய சிவப்புத் துணி ஒன்றை எடுத்தார்கள். பீகார் கிராமம் ஒன்றில் ஒருத்தியை 'டாயன்', அதாவது சூனியக்காரி, என்று அடித்துக் கொன்ற செய்தி கேட்டு வந்த கோபம் அது. அப்படிச் செத்தவர்களுக்கு ஆளுக்கொரு மஞ்சள் பூ. முடிந்ததும் பொதுக்கூடத்தில் மாட்டுவதாகப் பேச்சு. விவரம் சொன்னபோது அம்மா துணியைத் தடவிப் பார்த்தாள். "சொல்லிராத," என்றாள் மறுபடியும். "இங்கயாச்சும் புள்ளைய என்கிட்ட தாராவ."

கடைசி நாள் ஹர்பன்ஸ் கௌர் ஊசியில் கறுப்பு நூல் கோத்து அம்மாவிடம் நீட்டினார். திருஷ்டி படாமலிருக்க வேறு நிறத்தில் ஒரு சின்னப் பூ விடுவது அவர்கள் வழக்கம். அங்கே வயதில் மூத்தவள் அம்மா. "மாஜி, யே ஆப் லகாயியே." அம்மா, இதை நீங்கள் போடுங்கள் என்று. அம்மா கையை இழுத்துக்கொண்டாள். கண் தெரியவில்லை போலும் என்று அவர் தன் கண்ணாடியைக் கழற்றி அம்மாவுக்கு மாட்டிவிட்டார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பேரன் அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

"சொல்லிருட்டி," என்றாள் என்னிடம். "அந்தப் பொம்பளைகளுக்குப் போடுத துணியில நான் மறைச்சுக்கிட்டு ஊசி வைக்க மாட்டேன்."

என் ஆபீஸ் இந்தியில் சொல்லி முடித்தேன். ஒருத்தி தன் பிள்ளையை அருகே இழுத்துக்கொண்டாள். ஹர்பன்ஸ் கௌர் பேரனை எடுக்கவில்லை. போர்வையை மட்டும் சரிசெய்தார்.

"அச்சா," என்றார். "தோ ஏக் ஃபூல் மாஜி கா பீ." மாஜிக்கும் ஒரு பூ. உடனே அவருக்கே குழப்பம். பூ செத்தவர்களுக்குத்தானே, மாஜி உயிரோடு இருக்கிறாரே என்றார்.

நான் தமிழில் சொன்னேன். அம்மா யோசிக்கவே இல்லை.

"ஊர்ல நான் செத்தவதான். அதுக்கு ஒண்ணு அவிய போடட்டும்."

மஞ்சள் பூவை ஹர்பன்ஸ் கௌர் போட்டார். அதை ஒட்டியே கறுப்புப் பூவை, தில்லியில் உயிரோடிருக்கும் அம்மா போட்டாள்.