சீர்வரிசையில் வந்த மோட்டார்

என் அப்பாவுக்கு என்னைவிட ஒரு மோட்டார் முக்கியமாக இருந்தது என்று சொன்னால் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

விழுப்புரத்திலிருந்து கோலியனூர் போகிற சாலையில் எங்கள் வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பா பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டு, மரம் கடையும் லேத் ஒன்றை வாங்கி வைத்தார். கட்டில் கால், ஊஞ்சல் கால் என்று பெரிதாகப் பேசினார். கடைந்ததெல்லாம் பூரிக்கட்டைதான். எங்கள் சொந்தத்தில் அவருடைய பூரிக்கட்டை இல்லாத வீடே கிடையாது. லேத்தை ஓட்டிய பழைய தண்ணீர் மோட்டார் ஒரே வேகத்தில், ஒரே பக்கமாகச் சுற்றும். கரடுமுரடான கட்டையை முதலில் மெதுவாக ஓட்ட வேண்டும், கடைசியில் எதிர்ப்பக்கம் சுற்றவிட்டு உப்புத்தாள் பிடித்தால்தான் மரம் வழவழப்பாகும் என்று சாப்பாட்டில் உட்காரும்போதெல்லாம் புலம்புவார்.

மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் அவரைக் கண்டாலே ஒளிந்துகொள்ளும் அளவுக்கு அலைந்தார். கடைசியில் ஒரு மெக்கானிக், தொல்லை தாங்காமல் சொல்லிவிட்டான். "முன்னால கதவு வச்ச வாஷிங் மெஷின் பழசா ஒண்ணு பாருங்க சார். அதுல இருக்கிற மோட்டாரு ரெண்டு பக்கமும் சுத்தும். வேகத்தையும் கூட்டிக் கொறச்சிக்கலாம்."

அப்போது நான் திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வாழ்க்கைப்பட்டிருந்தேன் என்றா சொன்னேன், அடிபட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலையில் புருஷன் அறைந்த காது வீங்கிப்போய் அப்பாவுக்குப் போன் செய்து, "என்னால இங்க இருக்க முடியலப்பா, வந்து கூட்டிக்கினு போங்க" என்று அழுதேன். அப்பா கேட்டார்.

"உங்க மாமன் சீரா குடுத்தானே வாஷிங் மெஷினு, அதுக்குக் கதவு முன்னால இருக்கா, மேல இருக்கா?"

"முன்னாலப்பா."

"ம். கொஞ்சம் அனுசரிச்சிப் போம்மா."

நான் அனுசரிக்கவில்லை. கையில் ஒரு பையோடு பஸ் ஏறி வந்துவிட்டேன். அம்மா மஞ்சள் அரைத்துக் காதில் பற்றுப் போட்டாள். அப்பா, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டும்" என்று அம்மாவிடம் சொன்னது சமையலறை வரைக்கும் கேட்டது.

அடுத்த வாரம் என் மாமியார் சீர் சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். எங்கள் பக்கத்தில் சீரைத் திருப்பி அனுப்பினால் உறவு அறுந்தது என்று அர்த்தம். கட்டில், பீரோ, அண்டா, மிக்சி என்று நடுத்தெருவில் இறக்கி வைத்தார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா வாஷிங் மெஷினை மட்டும் பதமாக இறக்கச் சொன்னார். மதியம் சாப்பிடக்கூட வரவில்லை. சாயங்காலம் மோட்டார் லேத்தில் ஏறிவிட்டது. கழற்றிப் போட்ட டிரம்மில் அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொட்டி வைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அப்பாவை நான் பார்த்ததே இல்லை, என் கல்யாணத்திலும்.

கொஞ்ச நாள் கழித்து மாமியார், ஒலக்கூரிலிருந்து இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு சமாதானம் பேச வந்தாள். பெரியவர்களில் ஒருவர், "நடந்தது நடந்துபோச்சு. சீரு எப்படி வந்துச்சோ, அப்படியே ஒண்ணு கொறையாம பொண்ணோட ஏத்தி அனுப்புங்க" என்றார்.

அப்பாவின் முகம் செத்துப்போனது. பொண்ணை அனுப்புவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் கொட்டகையில் மெஷின் அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்தது. கதவோரம் நின்றிருந்த நான் அந்த மோட்டாரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. குறைபட்ட சீரை ஏற்க மாட்டார்கள், இந்த ஒரு காரணத்துக்காகவாவது என்னை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"எல்லாம் அனுப்பிடலாங்க," என்று இழுத்தார் அப்பா. "அந்த வாஷிங் மெஷின் மட்டும்... மோட்டார கழட்டிட்டேன்."

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "மெஷினு இன்னாத்துக்கு சம்மந்தி? தொவைக்கத்தான் உங்க பொண்ணு வர்றாளே."

பெரியவர்கள் சிரித்தார்கள். மோட்டார் தப்பித்த நிம்மதியில் அப்பாவும் சிரித்தார். அவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். காதில் அடி விழுந்தபோது எனக்கு அப்படி வலிக்கவில்லை.

நான் கூடத்துக்கு வந்தேன்.

"அப்படின்னா தொவைக்க எங்க அப்பாவ ஏத்திக்கினு போங்க அத்தை," என்றேன். "மோட்டாரு அவர்கிட்டதான் இருக்குது. அடிச்சாலும் அனுசரிச்சிப் போவாரு."