அரசமரத்தடியில் யாரும் தொடாத படங்கள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். முப்பத்தொரு வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு வேறு எங்கே இருக்கும்? ஓய்வு பெற்றால் குறைந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் நம்பிக்கொண்டிருந்தார், பாவம். காலையில் நடக்கப் போகிற பூங்காவிலேயே அதற்கு வேண்டிய தீனி கிடைத்துவிட்டது.

மந்தைவெளியில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தச் சின்னப் பூங்கா. ஒரு மூலையில் அரசமரம். அதன் அடியில் பிள்ளையார்கூடக் கிடையாது. ஆனால் சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் சாமி படத்தின் கண்ணாடி விரிசல் விட்டாலும் அந்தப் படம் அங்கே வந்து சேர்ந்துவிடும். விரிசல் விட்ட படத்தை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. குப்பைத் தொட்டியில் போட்டால் பாவம். அதனால் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். கூடவே மூக்கு உடைந்த மண் பொம்மைகள், போன வருஷத்துச் சாமி காலண்டர்கள், காய்ந்துபோன மாலைகள். போகிக்கு வீட்டை ஒழித்தார்கள் என்றால் குவியல் முழங்காலுக்கு வந்துவிடும். காற்றில் படங்கள் சரியும், கண்ணாடி உடையும், புல்லுக்குள் சில்லுகள் கிடக்கும். வைத்துவிட்டுப் போனவர்கள் மறுநாள் அதே பாதையில் நடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள்.

இந்தப் பூங்காவைப் பெருக்குகிறவள் கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். நான் முதல் சுற்று முடிக்கும்போது அவள் நடைபாதையில் பாதி முடித்திருப்பாள். நாலு வருஷப் பழக்கம். நான் அவளை "ஏம்மா" என்பேன், அவள் என்னை "டீச்சரம்மா" என்பாள். இந்த வருஷம் பொங்கல் முடிந்து நாலு நாள் ஆளையே காணோம். ஐந்தாம் நாள் வந்தாள், வலது கை ஆள்காட்டி விரலில் அழுக்கேறிய கட்டோடு.

"மரத்தாண்ட கண்ணாடி கிழிச்சிடுச்சு. சீழ் வச்சிடுச்சு டீச்சரம்மா."

"அந்தக் குவியலை ஏன் தொடறே? விட்டுத் தொலை."

"வுட்டா மூலைய பெருக்கலன்னு கம்ப்ளைண்ட் குடுக்கிறாங்கோ. எடுத்து வண்டில போட்டா சாமி படத்த குப்பைல போட்டுட்டேன்னு கம்ப்ளைண்ட் குடுக்கிறாங்கோ. நான் இன்னாதான் பண்றது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "திங்கக்கெழம பெரிய ஆபீசர் பாக்க வர்றாராம். அதுக்குள்ள மூல கிளீனா இல்லாங்காட்டி வேற ஆள போட்டுக்கிறேன், நீ வராதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

அவள் வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவள் ஒருத்திதான். அது எனக்குத் தெரியும். அங்கே படம் வைக்கிற அத்தனை பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கையை நீட்டச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அந்தச் சூட்டோடு சூடாக, நடைப்பயிற்சிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நாமே பூங்காவைச் சுத்தம் செய்வோம், எல்லோரும் வாருங்கள் என்று. மரத்தடி என்று எழுதவில்லை. எழுதினால் ஒருத்தரும் வர மாட்டார்கள் என்று எனக்கு உள்ளூரத் தெரிந்திருக்கிறது.

உடனே கும்பிடு போடும் கைகள் வந்து குவிந்தன. பிறகு டி ஷர்ட் பச்சையா வெள்ளையா என்று இரண்டு நாள் விவாதம். பேனரில் யார் பெயர் முதலில் வருவது என்று ஒரு நாள். காலை டிபனுக்குப் பொங்கல் வடையா, இட்லி வடையா என்று ஒரு நாள். குப்பை பொறுக்கப் போகிறோமா, பெண் பார்க்கப் போகிறோமா என்று கேட்டு எழுதினேன். இரண்டு பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேருக்குக் குறையாமல் வந்தார்கள். பச்சை டி ஷர்ட், கையில் புத்தம் புதுக் கையுறை. முதலில் பேனரோடு போட்டோ. தினமும் அந்தப் பூங்காவைப் பெருக்குகிறவள் ஓரமாக நின்று பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். படத்தில் அவள் கை மட்டும்தான் விழுந்தது. பிறகு எல்லோரும் குனிந்தார்கள். குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே பொறுக்கினார்கள். சிப்ஸ் கவர், டீ கப், தண்ணீர் பாட்டில் எல்லாம் மூட்டையாயின. எட்டு மணிக்குள் நடைபாதையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அரசமரத்தடி மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது. கூட்டம் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"அதையும் எடுத்துடலாம், வாங்க" என்றேன்.

குழுவின் செயலாளர், ஓய்வு பெற்ற ஆடிட்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். "டீச்சர், அது வேண்டாம். பகவான் படம். நாம கை வெக்கப்படாது. எங்காத்துல அதையெல்லாம் பெரிய தோஷம்னு சொல்லுவா. அவளை எடுக்கச் சொல்லுங்கோ."

தி. நகரில் துணிக்கடை வைத்திருக்கிறவரும் தலையாட்டினார். "சாமி குத்தம் ஆயிரும்லா டீச்சர்."

"அவ எடுத்தா குத்தம் ஆகாதா?" என்றேன்.

"நான் அப்படிச் சொல்லலையே" என்றார் செயலாளர்.

"அப்படித்தான் சொன்னீங்க. முப்பது பேர் முன்னாடி சொன்னீங்க."

அதற்கு மேலும் சொன்னேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். வீட்டில் இருந்தவரைக்கும் சாமி, விரிசல் விட்டதும் அடுத்தவள் தலையில் கட்டுகிற சனியனா என்று கேட்டேன். வைக்கத் தெரிந்த கைக்கு எடுக்கத் தெரியாதா என்று கேட்டேன். இந்த மாதிரி ஒரு காரியத்தை என் ஜென்மத்தில் செய்ய மாட்டேன் என்றும் சொன்னேன். அதைச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொங்கல் ஆறிவிடும் என்று ஒருவர் ஞாபகப்படுத்த, எல்லோரும் வாசல் பக்கம் போய்விட்டார்கள்.

நானும் அவளும்தான் மரத்தடியில் உட்கார்ந்தோம். வாட்ச்மேனிடம் குறடு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு படமாகக் குப்புறக் கவிழ்த்து, பின்னால் உள்ள ஆணிகளைப் பிடுங்கி, கண்ணாடியைத் தனியாக அட்டைப்பெட்டியில் போட்டோம். படத்தாள்களை என் பழைய நூல் புடவையில் சுற்றினோம். அவற்றை வீட்டில் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, செடித் தொட்டி மண்ணில் கலந்துவிடுவதாக ஏற்பாடு. பெரிய முருகன் படம் ஒன்றின் ஆணி துருப்பிடித்து அசையவே இல்லை.

"காலால அழுத்திப் பிடிச்சுக்கோம்மா, நான் இழுக்கறேன்."

"வேணாம் டீச்சரம்மா. சாமி மேல போய் காலு வச்சிகினு."

"சாமி அந்தப் பக்கம் இருக்கார். இது வெறும் அட்டை. வைன்னா வை."

அவள் செருப்பைக் கழற்றினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகுதான் காலை வைத்தாள்.

குவியலின் அடியில் இன்னும் இரண்டே படங்கள் இருந்தபோது ஒரு திருப்பதி பெருமாளைத் திருப்பினேன். பின் அட்டையில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. பணி நிறைவு வாழ்த்துகள், அன்புடன் சக ஆசிரியர்கள். அதற்கு மேலே உருண்டை உருண்டையான எழுத்தில் என் பெயர்.

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது ஆள் கைதவறிப் போட்டதில் அதன் கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. கொண்டுபோய் எங்கேயாவது வைத்துவிட்டு வாருங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். எங்கே வைத்தார் என்று கேட்கவில்லை. கோயிலில் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன் என்று எழுதினால் அது பொய். நினைக்கவே இல்லை. வீட்டை விட்டுப் போனதோடு சரி.

இப்போது அதில் கண்ணாடி இல்லை. சட்டத்தின் ஓரத்தில் இரண்டு சில்லுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. அவள் அட்டைப்பெட்டியைக் கட்டுவதற்குத் திரும்பிய நேரம் பார்த்து அதை என் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டேன். திருடியைப் போல எழுந்து வந்தேன்.

வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் படத்தை வைத்தேன். "இதை எங்கே வெச்சீங்க?"

"நீதானே எங்கேயாவது மரத்தடியில வெச்சிட்டு வாங்கன்னு சொன்னே?" என்றார். மரத்தடி என்றும் நான் சொல்லியிருக்கிறேன். படத்தைத் திரும்ப மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டினேன்.

சாயங்காலம் குழுவில் ஒரு போட்டோ வந்தது. வாசல் பக்கத்திலிருந்து யாரோ எடுத்தது. கவிழ்த்த முருகன் படத்தின் மேல் அவளுடைய வெறும் கால். பக்கத்தில் குறடு பிடித்த என் கை, மணிக்கட்டோடு வெட்டப்பட்டிருந்தது. இதற்காகவா கூட்டம் சேர்த்தோம் என்று கீழே எழுதியிருந்தார்கள். அந்தக் கை யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கால் யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சூப்பர்வைசருக்கு அனுப்பிவிட்டதாகச் செயலாளர் எழுதினார். கால் வைக்கச் சொன்னது நான்தான் என்று நான் எழுதினேன். "உங்களுக்குப் பெரிய மனசு டீச்சர். அவளைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்ல வேண்டாம்" என்று பதில் வந்தது. போனைச் சோபாவில் விட்டெறிந்தேன்.

திங்கட்கிழமை ஆறரைக்குப் போனபோது துடைப்பம் சூப்பர்வைசரின் பைக்கில் சாய்ந்திருந்தது. அவள் தன் சாப்பாட்டுப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். செயலாளரும் இன்னும் நாலைந்து பேரும் சுற்றி நின்றார்கள். சூப்பர்வைசர் கையில் நோட்டு.

"நான் இன்னா பண்ண முடியும் மேடம்? பப்ளிக் கம்ப்ளைண்ட். அதுவும் சாமி விஷயம். ஆபீசர் பத்து மணிக்கு வராரு."

"கால் வைக்கச் சொன்னது நான். அவ மாட்டேன்னு சொன்னா. நான் அதட்டினேன்."

செயலாளர் சிரித்தார். வகுப்பில் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசுகிற டீச்சரைப் பார்த்துத் தலைமையாசிரியர் சிரிக்கிற சிரிப்பு. எனக்கு அது நன்றாகப் பழக்கம்.

"சரி, கால் வெச்சவ மேல எழுதுங்க. படத்தை இங்கே கொண்டுவந்து கொட்டறவங்க மேலயும் எழுதுங்க. அவங்களாலதான் இவ விரல் கிழிஞ்சுது."

"அது யாரோ வெளியாட்கள் போடறா டீச்சர்" என்றார் செயலாளர். "நம்ம தெருவுல அப்படி யார் பண்ணுவா சொல்லுங்கோ."

மஞ்சப்பை என் தோளில்தான் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அதை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று அப்போது எனக்கே தெரியாது. எடுக்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு படத்தை வெளியே எடுத்து, திருப்பி, அவர் கண்ணுக்கு நேராக நீட்டினேன்.

"படிங்க சார். சத்தமா படிங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். பணி நிறைவு வாழ்த்துகள் வரைக்கும் சத்தமாக வந்தது. என் பெயருக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது.

"நேத்து இந்த மரத்தடியில இருந்து எடுத்தது. எங்க வீட்டுப் படம். எடுத்து ஒளிச்சு வெச்சிருந்தேன்" என்றேன். சூப்பர்வைசர் பக்கம் திரும்பினேன். "எழுதுங்க. முதல் பேர் என்னுது. மத்தவங்க பேரை இங்கே நிக்கறவங்களே சொல்லுவாங்க."

துணிக்கடைக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர், நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்தபடி நடைபாதையில் இறங்கினார். அந்த முதுகுகளைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நேற்று கத்தியது போலக் கத்த முடியவில்லை. நானும் அவர்களில் ஒருத்திதான்.

சூப்பர்வைசர் நோட்டை மூடிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "கம்ப்ளைண்ட் குடுத்தவங்களே போய்ட்டாங்க. போ, போய் வேலைய பாரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார். அவள் சாப்பாட்டுப் பையை வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தோடு வந்தாள். நான் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"எங்க வீட்டுப் படத்தாலதான் உன் கை கிழிஞ்சிருக்கும்" என்றேன். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

"எனக்குத் தெரியும் டீச்சரம்மா" என்றாள். "உங்க வூட்டு சார் கொண்டாந்து வச்சத நான் பாத்தேன். வச்சிட்டு கன்னத்துல போட்டுகினு போனாரு."

"பார்த்தியா? அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லலை?"

அவள் கட்டுப் போட்ட விரலை மடக்காமல் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். குரலில் குத்தல் எதுவும் இல்லை.

"சொல்லிருந்தா ஞாயித்துக்கெழம வந்திருப்பீங்களா?"

நான் படத்தை மஞ்சப்பைக்குள் வைத்தேன்.

"வந்திருக்க மாட்டேம்மா" என்றேன்.