சாயப்பட்டறையில் போன பல்புகள்

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தனசேகரனுக்கு ஒரு வீம்பு உண்டு. ஊரே எல்இடிக்கு மாறிய பிறகும், தம் பட்டறையில் நிறம் பார்க்கும் மேஜைக்கு மேலே ஹாலஜன் பல்பைத்தான் தொங்கவிட்டிருந்தார். எல்இடி வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிகிற சேலையின் உடல் நூலும் பார்டர் நூலும், கல்யாண மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் வேறு வேறாகப் பல்லிளிக்கும். அதனால் அந்த வீம்பில் ஒரு நியாயம் இருந்தது.

நியாயமே இல்லாத இடம் வேறு. பல்பு எரிந்தால், கரண்ட் பில்லை நினைத்து அவருக்கு வயிறு எரியும். ஒரு கட்டு நூலைப் பார்த்ததும் அணைக்க வேண்டும், அடுத்த கட்டு வந்ததும் போட வேண்டும். இது அவர் போட்ட பட்டறைச் சட்டம். நிறம் பார்க்கும் தேவகி அதை மீறியதே இல்லை. தொட்டியிலிருந்து நூலை எடுப்பாள், பிழிவாள், ஒரு நுனியை உலர்த்துவாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சுவிட்சைத் தட்டுவாள். அவள் சரியென்று சொன்ன நிறத்தை எந்த நெசவாளியும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

பல்புகள்தான் போய்க்கொண்டே இருந்தன. தட்டியதும் பளிச்சென்று ஒரு மின்னல், பிறகு இருட்டு. அதுவும் எப்போதும் தேவகி தட்டும்போதுதான்.

"ஈரக் கையோட தட்டித் தட்டித்தான் இப்டி ஆவுது. ஒன் கை பட்டாலே பல்பு போவுது. பெரிய பேஜாரா கீது!" என்று ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கத்தினார். அதோடு விட்டாரா? நிறம் பார்க்கும் வேலையைப் பிடுங்கிக்கொண்டு, அவளைத் தொட்டி கழுவ அனுப்பினார். அவள் அந்த வாரமே நின்றுவிட்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்ஸில் வெங்காயம் உரிக்கிறாள் என்று கேள்விப்பட்டார். அப்பேர்ப்பட்ட கண், வெங்காயத்துக்கு!

பிறகு அவரே சுவிட்சைத் தட்டினார். அவர் கை காய்ந்துதான் இருந்தது. அப்போதும் பல்பு போனது.

எலக்ட்ரீஷியன் டேனி வந்து, செத்த பல்பைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"கண்ணாடி நல்லாத்தான் கீது. கம்பிதான் அறுந்துகீது. யாருங்க இத்த சும்மா போட்டுப் போட்டு அணைச்சிகினு கீறது?"

"ஏன், போட்டா என்னா?"

"கம்பி ஆறிக் கெடக்கசொல்லோ கரண்ட்ட அவ்ளோவா தடுக்காதுங்க. போட்ட ஒடனே பல மடங்கு பாயும். ஒவ்வொரு வாட்டியும் அந்த அடி வாங்கித்தான் அறுந்து போவுது. மெதுவா ஏத்திவுடற சுவிட்சு ஒண்ணு போட்டுடறேன். அப்புறம் ரொம்ப நாள் தாங்கும்."

புது சுவிட்சைப் போட்டதும் கம்பி முதலில் சிவந்தது. பிறகு மஞ்சளாகி, நிதானமாக முழு வெளிச்சத்துக்கு வந்தது. தனசேகரனுக்கு அப்போதுதான் புரிந்தது. பல்பைக் கொன்றது அவர் சட்டம். பழி தேவகிக்கு.

மழைக்காலம் முழுக்க அதே பல்பு எரிந்தது. எரிய எரிய அவருக்கு உறுத்தியது. இது போய்த் தொலைந்தால்கூட நிம்மதியாக இருக்குமே என்று நினைத்தார். அது போகவில்லை.

கடைசியில் மெஸ்ஸின் பின்பக்கம் போய் நின்றார்.

"தப்பு என்னுதும்மா. நான் அணைச்சி அணைச்சிப் போடச் சொன்னதாலதான் பல்பு போச்சி. ஒன் கை ஒண்ணும் பண்ணல. வேலைக்கு வந்துடு."

தேவகி கத்தியைக் கீழே வைத்தாள். "அப்டியாண்ணே? நான் வூட்லகூட லைட்டு போடறதில்ல. எதுக்கு அதையும் கெடுக்கணும்னு, பொண்ணு வர்ற வரைக்கும் இருட்டுலதான் குந்திகினு கீறேன்."

தனசேகரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அவள் திரும்பி வந்தாள். முதல் கட்டு மேஜைக்கு வந்ததும், "போடும்மா" என்றார். சுவிட்சு வரை போன அவள் கை அப்படியே திரும்பியது.

"நீங்களே போட்டுடுங்கண்ணே."

போட்டார். வெளிச்சம் ஏறியதும், "பார்டரு ஒரு பொட்டு கருத்துகீது" என்றாள். கண்ணில் குறையே இல்லை.

இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. அவள் "அண்ணே" என்று கூப்பிட்டால், எந்த வியாபாரி எதிரில் உட்கார்ந்திருந்தாலும் தனசேகரன் எழுந்து போகிறார். சுவிட்சருகே கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறார், இந்த முறையாவது அவள் கை வராதா என்று. பிறகு அவரே போடுகிறார்.