மன்னிக்காமல் போனான் செல்லத்துரை

செங்கோட்டை ரயில் நிலையத்தில் கொல்லம் வண்டிக்காக நின்றிருந்தபோது செல்லத்துரையின் மகள் போனில் கூப்பிட்டாள். "மாமா, அப்பா போயிட்டாவ. காலையில காப்பி குடிச்சிட்டு சாஞ்சவங்க எந்திரிக்கவே இல்ல." பயணத்தை விட்டுவிட்டு இலத்தூருக்கு ஆட்டோ பிடித்தேன்.

அவனோடு கிரிக்கெட் ஆடியவர்களில் நீங்கள் நாலைந்து பேர்தான் மிச்சம். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெருந்தன்மையாக எழுதும்படி சொன்னார்கள். அது எனக்கு வராது, அவனுக்கும் வந்ததில்லை.

செல்லத்துரை இலத்தூரில் நெல் விவசாயி வீட்டுப் பையன், எங்கள் கிளப்பின் வேகப்பந்து வீச்சாளன். நான் விக்கெட் கீப்பர். அவன் பந்து வீசினால் மற்றவர்களுக்கு நிற்பதைவிட வெகுதூரம் தள்ளி நிற்பேன். சென்னையில் நடக்கும் மாநிலத் தேர்வுக்கு எங்கள் கிளப் ஒருவரை அனுப்பலாம் என்று தகவல் வந்தது. தென்காசியில் நடந்த கடைசி ஆட்டத்தில் செல்லத்துரை ஏழு விக்கெட் எடுத்தான். செயலாளரோ தன் அக்காள் மகனை அனுப்பினார். அந்தப் பையன் அன்று ஒரு விக்கெட்கூட எடுக்கவில்லை.

செயலாளர் வீட்டுக்கே கேட்கப் போனோம். அவர் பெரிய நிலக்காரர், எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மெட்ராஸ் டீம்னா இங்கிலீஷ் பேசணும், மேசையில உக்காந்து சாப்பிடத் தெரியணும். ஏலே, நீ போயி உங்க அய்யாகூட நாத்து நடு." திரும்பும் வழியில் செல்லத்துரை சொன்னது இவ்வளவுதான்: "இத நான் மறக்க மாட்டேம்லே."

விமானப்படையில் சேர்ந்தான். இங்கிலீஷ் பேசினான், மேசையில் சாப்பிட்டான், சண்டை விமானமும் ஓட்டினான். வங்கதேசப் போரில் தரையிலிருந்து சுட்ட குண்டு அவன் வலது தோளைச் சிதைத்தது. இடது கையாலேயே விமானத்தைத் தளத்தில் கொண்டுவந்து இறக்கினான். அந்த வலது கை பிறகு தோளுக்கு மேல் எழும்பவே இல்லை.

விடுப்பில் வந்தபோது ஐந்தருவியில் குளித்தோம். அவன் தலையை நான்தான் துவட்டிவிட்டேன். "இனி பந்து போட முடியாதேன்னு இருக்கா?" என்று கேட்டேன். "பந்து போட விட்டிருந்தா தோள் தப்பிச்சிருக்கும்" என்றான்.

ஓய்வு பெற்று வந்ததும் அதே கிளப் பாராட்டு விழா எடுத்தது. தலைமை, அதே செயலாளர். "எங்கள் கிளப் பெற்ற பிள்ளை" என்று முழங்கினார். செல்லத்துரை கோட்டில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு போயிருந்தான். மைக்கைப் பிடித்தான்.

"என் தோள்ல சுட்டவன் மூஞ்சிய நான் பாத்ததில்ல. அவன்மேல கோவமும் இல்ல. அவன் வேலைய அவன் செஞ்சான். அதுக்கு முந்தியே நான் சொந்த ஊருல அடிபட்டவன். அடிச்சவரு இந்தா, பக்கத்துல உக்காந்திருக்காரு."

ஏழு விக்கெட்டையும், அக்காள் மகனையும், நாற்று நடச் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னான். முன்வரிசையில் செயலாளரின் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். அவர் முகம் வெளுத்து, "அதெல்லாம் பழைய கதை, தம்பி" என்றார்.

"உங்களுக்குப் பழசு" என்றவன், மாலையைக் கழற்றி அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கினான்.

வெளியே வந்து, "வயசானவரு, விட்டிருக்கலாம்லா" என்றேன். "மனசு ஆறிட்டான்னு கேளு. ஆறிட்டு" என்று சிரித்தான். செயலாளர் அதன்பிறகு சாகும்வரை மைதானத்துப் பக்கம் வரவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் சந்தோஷம்தான்.

இறுதிச் சடங்குக்கு அந்த அக்காள் மகன், இப்போது கிளப்பின் தலைவர், மலர்வளையத்தோடு வந்தார். செல்லத்துரை பெயரையும் தன் மாமா பெயரையும் சேர்த்து ஒரு கோப்பைப் போட்டி நடத்தப் போவதாகச் சொன்னார். மகள் வாசலிலேயே மறித்தாள்.

"உங்க வீட்டு மாலை வேண்டாம்னு அப்பா சொல்லிட்டுத்தான் போயிருக்காவ. எடுத்துட்டுப் போயிருங்க."

தெருவே பார்க்க வளையத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். நான் அவருக்கு வழிவிடவில்லை, சுற்றிக்கொண்டுதான் போனார்.

செல்லத்துரையின் பந்து ஒடித்த என் சுண்டுவிரல் கோணலாகவே இருக்கிறது. அதோடு அவன் கோபத்தையும் நான் வைத்துக்கொள்கிறேன். கோப்பையை அறிவிக்கும் கூட்டத்தில், பழைய ஆட்டக்காரன் என்று என்னையும் பேச அழைத்திருக்கிறார்கள்.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.